ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு டிக்கெட்: சென்னை டவுன் பஸ்ஸில் ரொக்கம் வாங்கி, காத்து, கணக்கு ஒப்படைக்கும் முறை

புதிதாகக் காக்கிச் சட்டை போட்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சென்னை டவுன் பஸ்ஸில் இருபது வருடத்துக்கு மேல் கண்டக்டராக வேலை பார்த்தவன் நான். ரூட்டும் ஸ்டேஜும், அதாவது கட்டணம் மாறும் நிறுத்தங்களும், ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். பணத்தைக் கையாளும் பழக்கம் மட்டும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் கைக்கு வரும். எனக்கு ஒரு மூத்தவர் சொல்லிக்கொடுத்தார். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் இதில் உதவுகிற விஷயம் உண்டு.

இப்போது எல்லாம் போனில்தானே, ரொக்கத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 2024 பிப்ரவரியில் பல்லாவரம் டெப்போவில் தொடங்கி யூபிஐ வசதியுள்ள புது டிக்கெட் மெஷின்கள் வந்தன. 2025 ஜனவரியில், முன்பணம் போட்டு வைத்துப் பயன்படுத்தும் சிங்காரச் சென்னை பயண கார்டு பஸ்ஸுக்கும் வந்தது. அதே வருடம் செப்டம்பரில், போனிலேயே டிக்கெட் எடுக்கும் சென்னை ஒன் செயலி வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் விடிகாலை கோயம்பேட்டுக்குச் சரக்கெடுக்கப் போகிறவரும், கட்டட வேலை முடிந்து மண் படிந்த கையோடு ஏறுகிறவரும் சட்டைப்பையிலிருந்து நோட்டைத்தான் எடுக்கிறார்கள். அவர்கள் பணம் சரியாகப் போய்ச் சேர வேண்டும். பாக்கியும் சரியாகத் திரும்ப வேண்டும்.

வண்டி ஏறும் முன்

மெஷினை வாங்கியதும் மூன்று விஷயம் பாருங்கள்: சார்ஜ், பேப்பர் ரோல், அதில் காட்டும் ரூட்டும் ட்ரிப்பும். தவறான ரூட்டில் டிக்கெட் அடித்துவிட்டால் அன்றைய கணக்கு முழுக்கச் சிக்கலாகிவிடும். ஒரு ரோல் கூடுதலாகப் பையில் இருக்கட்டும். மெஷின் நின்றுபோனால் பயன்படுத்த அச்சடித்த டிக்கெட் கட்டு கொடுத்தால், ஒவ்வொரு கட்டிலும் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். கட்டின் நடுவிலும் ஒருமுறை விசிறிப் பாருங்கள். நடுவில் ஒரு சீட்டு இல்லை என்று வண்டி கிளம்பியபின் கண்டுபிடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அப்புறம், சொந்தப் பணம். வேலை தொடங்கும்முன் உங்கள் சட்டைப்பையில், பர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கணக்குத்தாளில், அதாவது இன்வாய்ஸில், எழுத வேண்டும். இதை அலட்சியமாக விடாதீர்கள். நடுவழியில் பரிசோதகர் ஏறி உங்களிடம் இருக்கிற பணத்தை எண்ணினால், ரொக்கத்துக்கு விற்ற டிக்கெட்டின் தொகையும் நீங்கள் எழுதிய சொந்தப் பணமும் சேர்ந்து கைப்பணத்துக்குச் சமமாக வர வேண்டும். குறைந்தாலும் கேள்வி, கூடினாலும் கேள்வி. கூடுதலாக இருந்தால் யாரிடமோ பணம் வாங்கிக்கொண்டு டிக்கெட் தரவில்லை என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். நான் சில்லறைக்காக வீட்டிலிருந்து எடுத்துவரும் பணத்தையும் சொந்தப் பணத்தோடு சேர்த்தே எழுதிவிடுவேன். டீக்கு வைத்திருக்கும் 20 ரூபாய் உட்பட.

சில்லறையை முந்தின நாளே தயார் செய்துகொள்ளுங்கள். கோயில் வாசல் பூக்கடை, டீக்கடை, பெட்டிக்கடை, இவர்களிடம் நாணயம் சேரும், நோட்டாக மாற்றிக்கொள்ளச் சந்தோஷப்படுவார்கள். முதல் ட்ரிப்பில்தான் 100 ரூபாய் நோட்டுகள் அதிகம் வரும், கையில் சில்லறை குறைவாக இருக்கும். அந்த முதல் ஒரு மணி நேரத்தைச் சமாளித்துவிட்டால் பிறகு வருகிற பணமே சில்லறையாகச் சுழலும்.

பையும் விரலும்

தோல்பையில் அறைகள் இருப்பது சும்மா இல்லை. நாணயத்துக்கு முன்னறை. அதில் 5 ரூபாயையும் 10 ரூபாயையும் தனியாக வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. 100 ரூபாயும் அதற்கு மேற்பட்ட நோட்டுகளும் உள்ளறையில், ஜிப் போட்டு. 10, 20, 50 ஆகிய மூன்றும் இடதுகை விரல்களுக்கு நடுவில், நீளவாக்கில் மடித்து. எந்த விரலுக்கு நடுவில் எந்த நோட்டு என்பதை முதல் நாளே முடிவு செய்து, ஓய்வுபெறும் வரை மாற்றாதீர்கள். கண் பயணியையும் படிக்கட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது விரலே நோட்டை எடுத்துத் தர வேண்டும்.

பை எப்போதும் உடம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். கூட்டத்துக்குள் எழுந்து போக நேர்ந்தால் வாய்ப்பகுதி உங்கள் வயிற்றைத் தொட்டபடி இருக்கட்டும். டீ குடிக்க இறங்கும்போது பையை சீட்டில் வைத்துவிட்டு டிரைவர் அண்ணனைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது பலருக்கும் பழக்கம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், பணம் குறைந்தால் சங்கடப்படப்போவது இரண்டு பேரும்தான். கூடவே எடுத்துப் போய்விடுங்கள்.

பணம் வாங்கும் வரிசை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் இடத்தைக் கேளுங்கள். "எங்கே?" என்று கேட்டு, பயணி "லஸ்" என்றால் நீங்களும் "லஸ் ஒண்ணு" என்று திருப்பிச் சொல்லுங்கள். காது தவறாகக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே திருத்தம் வந்துவிடும். அடுத்து நோட்டை வாங்கும்போது அதன் மதிப்பைச் சத்தமாகச் சொல்லுங்கள்: "நூறு கொடுத்திருக்கீங்க." அந்த நோட்டைப் பையில் போடாதீர்கள். வலதுகைக் கட்டைவிரலுக்கும் மெஷினுக்கும் நடுவில், இருவர் கண்ணிலும் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் அடித்துக் கொடுங்கள். பாக்கியை எண்ணிக் கொடுங்கள். பயணி அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் கொடுத்த நோட்டு விரலிடுக்குக்கோ பைக்கோ போக வேண்டும்.

"நான் ஐந்நூறு கொடுத்தேன்", "இல்லைங்க, நூறுதான் கொடுத்தீங்க" என்ற சண்டையைப் பார்க்காத பஸ் கிடையாது. பையில் ஏற்கெனவே நாலு ஐந்நூறு இருந்தால் யார் சொல்வது உண்மை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நோட்டு வெளியில் இருந்தால் அந்தச் சண்டை பிறக்கவே பிறக்காது. இந்த ஒரு பழக்கத்தால் நான் தப்பித்த நாட்கள் ஏராளம்.

பாக்கியை எண்ணும்போது டிக்கெட் விலையிலிருந்து மேலே ஏறிப் போங்கள். டிக்கெட் 13 ரூபாய், கொடுத்தது 50 என்று வைத்துக்கொள்வோம். கையில் 2 ரூபாயை வைத்து "பதினைஞ்சு", 5 வைத்து "இருபது", 10 வைத்து "முப்பது", 20 வைத்து "அம்பது". மனதில் கழித்தல் போட வேண்டியதே இல்லை. பயணியும் கூடவே எண்ணிவிடுவார்.

பணம் வாங்கியவுடன் டிக்கெட் அடித்துவிட வேண்டும். அடுத்த ஸ்டாப்பில் சேர்த்து அடிக்கலாம் என்று நாலு பேர் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கட்டணத்தை வாங்க மறுப்பதும், வாங்கிக்கொண்டு டிக்கெட் தராமல் விடுவதும், குறைந்த தொகைக்கு டிக்கெட் தருவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 178வது பிரிவின்படி குற்றம். டிக்கெட் இல்லாமல் பயணிப்பவருக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்று பஸ்ஸில் எழுதியிருக்கிறதே, அதே பிரிவில்தான் கண்டக்டருக்கும் விதி இருக்கிறது.

கை மாறி வரும் பணம்

வெளியூர்க்காரர்கள் பார்த்து வியக்கிற விஷயம் இது. சென்னை டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பின்படிக்கட்டுப் பக்கம் தன் சீட்டில் இருப்பார். முன்படியில் ஏறியவர் அங்கிருந்தே "ஒரு மந்தைவெளி பாஸ் பண்ணுங்க" என்று நோட்டை நீட்டுவார். முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் கை மாறி அது உங்களிடம் வரும், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பிப் போகும். இத்தனை வருடத்தில், வேண்டுமென்றே நடுவில் யாரும் எடுத்துக்கொண்டதாக என் வண்டியில் ஒரு புகாரும் வந்ததில்லை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் பொறுப்பு கண்டக்டருக்கு இருக்கிறது.

நோட்டு வந்ததும் "நூறு ரூபாய், மந்தைவெளி, யாருங்க?" என்று குரல் கொடுங்கள். முன்னாலிருந்து ஒரு கை உயர வேண்டும். அந்தக் கையையும் சட்டை நிறத்தையும் மனதில் வையுங்கள். திருப்பி அனுப்பும்போது நாணயங்களை டிக்கெட்டுக்குள் வைத்து, நோட்டால் சுற்றி, ஒரே பொட்டலமாகக் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் மூன்றாவது கையிலேயே ஒரு நாணயம் கீழே உருளும், குனிந்து எடுக்க இடமிருக்காது. "மந்தைவெளி, பாக்கி எண்பத்தேழு" என்று தொகையைச் சொல்லி அனுப்புங்கள். வழியில் இருக்கிற எல்லோர் காதிலும் அந்தத் தொகை விழுந்துவிடும். கடைசியில் "வந்துடுச்சா?" என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் அடுத்த ஆள்.

ஒரே நேரத்தில் இரண்டு நோட்டு வந்தால் இரண்டையும் வாங்காதீர்கள். ஒன்றைக் கொடுத்தவர் கையிலேயே ஒரு நிமிடம் இருக்கட்டும்.

சில்லறை இல்லாதபோது

இந்த வேலையில் மனக்கசப்பு அதிகம் வருவது சில்லறையால்தான். சில வழிகள் உண்டு. 13 ரூபாய் டிக்கெட்டுக்கு 20 கொடுத்தால் "மூணு ரூபாய் இருக்கா?" என்று கேளுங்கள். அவர் 3 தந்தால் நீங்கள் 10 ரூபாயாகத் திருப்பிவிடலாம், உங்கள் நாணயமும் மிச்சம். 100 நீட்டுகிறவரிடம் எடுத்தவுடன் "சில்லறை இல்லை" என்று எரிந்து விழாமல், "மூணு ரூபாய் கொடுங்க, தொண்ணூறாத் தர்றேன்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பையைத் துழாவி எடுத்துத் தந்துவிடுவார்கள்.

உடனே தர முடியாத பாக்கியை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பது பழைய முறை. வெறும் எண் போதாது. "பாக்கி 87" என்று எழுதி, கீழே சின்னதாகக் கையெழுத்தும் போடுங்கள். நீங்களும் ஒரு துண்டுத் தாளில் இறங்கும் இடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்: லஸ் 87, அடையாறு 40 என்று. சில்லறை சேர்ந்ததும் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் கூப்பிட்டுக் கொடுங்கள். லஸ் வருவதற்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே "லஸ் பாக்கி யாரு?" என்று கூவுங்கள். மறந்து இறங்கிப் போகட்டும் என்று வாய்மூடி இருப்பது திருட்டுக்குச் சமம். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

இரண்டு பேருக்குத் தலா 5 ரூபாய் பாக்கி இருக்கும்போது ஒரே 10 ரூபாய் நோட்டைக் கொடுத்து "பிரிச்சுக்குங்க" என்பதும் வழக்கத்தில் இருக்கிறது. இருவரும் ஒரே இடத்தில் இறங்கி, இருவரும் சரி என்றால் மட்டும் செய்யுங்கள். ஒருவர் வயதானவராகவோ அவசரத்தில் இருப்பவராகவோ இருந்தால் அந்த 5 ரூபாய் அவருக்குப் போய்ச் சேராது.

நோட்டும் நாணயமும்: கவனிக்க வேண்டியவை

புது 20 ரூபாய் நோட்டு பச்சை கலந்த மஞ்சள். 200 ரூபாய் நோட்டு பளிச்சென்ற மஞ்சள். பகலில் தெளிவாகத் தெரியும் இந்த வித்தியாசம் இரவு எட்டு மணிக்கு, பஸ்ஸின் மங்கல் விளக்கில், மடித்த நோட்டில் தெரியாது. ஒருநாள் இரவு 29சி வண்டியில் ஒரு தம்பி மடித்துக் கொடுத்த 200ஐ 20 என்று நினைத்து, டிக்கெட்டும் 7 ரூபாயும் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவரும் அசதியில் பார்க்கவில்லை. இரவு பணம் கட்டும்போது 180 ரூபாய் கூடுதலாக வந்தது. கூடுதல் என்று எழுதிக் கட்டிவிட்டேன். மறுநாள் அதே வண்டிக்காகக் காத்திருந்து ஏறி, தயங்கித் தயங்கிக் கேட்டார். அன்று அவர் மதியம் சாப்பிடவில்லை என்பது பேச்சில் தெரிந்தது. என் பணத்திலிருந்து 180 எடுத்துக் கொடுத்தேன். கூடுதலாக வந்தபோதே எங்கே தவறு நடந்தது என்று யோசித்திருக்க வேண்டும் என்பது இன்றும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து மடித்த நோட்டை விரிக்காமல் வாங்குவதில்லை. நீளமும் உதவும். 20 ரூபாய் நோட்டு 129 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146. உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனியில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் தெரியும். ஒரு வாரம் பழகினால் இருட்டிலும் கை சொல்லிவிடும்.

நாணயத்திலும் இதே ஆபத்து. பழைய பெரிய 1 ரூபாயும் 2011இல் வந்த 2 ரூபாயும் ஒரே 25 மில்லிமீட்டர் அகலம். தடவிப் பார்த்து எடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள், எண்ணைப் பார்த்தே எடுங்கள். 10 ரூபாய் நாணயம் செல்லாது என்று நம் ஊரில் பல வருடங்களாக ஒரு வதந்தி ஓடுகிறது. ரூபாய் குறி உள்ளது, இல்லாதது எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாக அறிவித்துவிட்டது. பயணி கொடுத்தால் மறுக்காமல் வாங்குங்கள். பாக்கியாக நீங்கள் கொடுக்கும்போது அவர் முகம் சுளித்தால், பக்கத்தில் இருக்கிறவர்களும் கேட்கும்படி ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள். அந்த நாணயம் சுழன்றால்தான் நமக்குச் சில்லறைப் பஞ்சம் தீரும்.

அழுக்கு நோட்டு, லேசாகக் கிழிந்த நோட்டு வாங்கலாம், வங்கியில் மாறும். பாதி போன நோட்டையும், இரண்டு வெவ்வேறு நோட்டின் துண்டுகளை ஒட்டியதையும் பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு பக்க எண்ணும் ஒன்றா என்று பார்த்தாலே போதும்.

பணம் வராத டிக்கெட்டும் கணக்குதான்

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் கட்டணமில்லா டிக்கெட் அடித்துக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் அரசு ஈடு செய்யும் தொகைக்குக் கணக்கு. டிக்கெட் நீட்டும்போது முகத்தில் சலிப்பு வேண்டாம், அவர்கள் உரிமையோடு ஏறுகிற வண்டி அது. 60 வயதைத் தாண்டியவர்கள் தரும் இலவசப் பயண டோக்கனை நாணயத்தோடு கலக்காமல் தனியாக வையுங்கள். யூபிஐயில் ஒருவர் கட்டிய பணம் வந்துசேராமல், அவர் கடைசியில் ரொக்கமாகக் கொடுத்தால், டிக்கெட்டும் ரொக்கம் என்றே அடிக்கப்பட்டதா என்று பாருங்கள். இது மாறினால் இரவில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும்.

ஸ்டேஜுக்கு ஸ்டேஜ்

கட்டு டிக்கெட் காலத்தில் ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஒவ்வொரு கட்டின் மேல் எண்ணையும் எழுத வேண்டியிருந்தது. முந்தின எண்ணைக் கழித்தால் எத்தனை விற்றது என்று வந்துவிடும். இப்போது மெஷின் அதைச் செய்கிறது. ஸ்டேஜ் மாற்றும் வேலை மட்டும் உங்களுடையது. மாற்ற மறந்தால் அடுத்து ஏறுகிறவர் ஏறாத தூரத்துக்கும் காசு கொடுப்பார். ஸ்டேஜ் வருவதற்குள் அதுவரை ஏறிய எல்லோருக்கும் டிக்கெட் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கூட்டம் சமாளிக்க முடியவில்லை என்றால் ஒற்றை விசில் கொடுத்து வண்டியை ஓரம் நிறுத்தச் சொல்லி, டிக்கெட் போட்டு முடித்து, இரட்டை விசில் கொடுங்கள். இரண்டு நிமிடத் தாமதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒவ்வொரு ட்ரிப் முடிவிலும், வண்டி காலியானதும், மெஷின் காட்டும் ரொக்கத் தொகையோடு பையை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய நோட்டை மட்டும் எண்ணி, சில்லறையைக் குத்துமதிப்பாகப் பார்த்தால்கூடப் போதும். 100 ரூபாய் குறைவதை அந்த ட்ரிப்பிலேயே கண்டால் எங்கே போனது என்று நினைவுக்கு வரும். இரவில் கண்டால் வராது.

டெப்போவில்

கவுன்டருக்குப் போகும்முன் ஒரு மேசையில் உட்கார்ந்து நோட்டுகளை மதிப்பு வாரியாக, காந்தி முகம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்குங்கள். நூறு நூறாகக் கட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள், பின் அடிக்காதீர்கள். நாணயத்தைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுங்கள். எத்தனை 500, எத்தனை 200 என்று தாளில் எழுதிக் கூட்டி, அதிலிருந்து காலையில் எழுதிய சொந்தப் பணத்தைக் கழியுங்கள். மிச்சம் மெஷின் காட்டும் ரொக்கத் தொகைக்குச் சமமாக வர வேண்டும். வரவில்லை என்றால் பதறாமல் மறுபடி எண்ணுங்கள். பத்தில் ஒன்பது முறை ஒட்டிக்கொண்ட இரண்டு நோட்டுதான் காரணமாக இருக்கும்.

உண்மையிலேயே குறைந்தால் நம் கையிலிருந்து கட்ட வேண்டும். வலிக்கும், ஆனால் அங்கேயே முடிந்துவிடும். கூடினால் அதையும் எழுதிக் கட்டுங்கள். எந்த ட்ரிப், எந்த இடம், யாருக்குப் பாக்கி நின்றிருக்கலாம் என்பதை உங்கள் துண்டுத் தாளில் குறித்து வையுங்கள். தேடி வருகிறவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

கவுன்டரில் எண்ணி முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். கட்டிய தொகைக்கு ரசீது வாங்கி, எண்ணைப் படித்துப் பார்த்து மடித்து வையுங்கள். மெஷினை ஒப்படைத்த பிறகு பையின் ஒவ்வொரு அறையையும் கவிழ்த்துத் தட்டுங்கள். தையலுக்குள் ஒரு 1 ரூபாய் நாணயம் நிச்சயம் ஒளிந்திருக்கும்.